கத்தாத வெட்டுக்கிளி

வெட்டுக்கிளி வாயால் கத்துவதில்லை, தொடையால் கத்துகிறது. பின்னங்காலின் பெரிய தொடையை இறக்கையில் வைத்து மேலும் கீழுமாக இழுக்கும். அப்போது வருவதுதான் அந்தக் கிர்ர்ர் சத்தம். பட்டாசு ஆபீஸில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவனுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்குத் தேவைப்பட்டது. தேவைப்பட்ட காரணம் சொல்லிக்கொள்கிற மாதிரியானது இல்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் பெயர் கருப்பணன். ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே, சோளத்தட்டையும் கருவேலமுமாகக் கிடக்கும் காட்டுக்குள் எங்கள் கம்பெனி இருக்கிறது. எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே மருந்து ரூமில் வெடிமருந்து கலக்குவது என் வேலை. மற்ற ரூம்களைவிட்டு நன்றாகத் தள்ளி, நாலு பக்கமும் வாசல் வைத்து, சுற்றிலும் வெறும் தரை விட்டுக் கட்டிய ரூம் அது. உள்ளே இரண்டே பேர்தான் இருக்கலாம். நான் ஒருத்தன். இன்னொருத்தன் என் வீட்டுக்காரி வேல்விழியின் தம்பி மாரிக்கண்ணன். அவனை வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் நான்தான்.

மருந்து கலப்பதைக் காலையில் குளிர்ச்சியோடு முடித்துவிட வேண்டும். ஆறு மணிக்குத் தொடங்கினால் தரை சூடேறுவதற்குள் மூடிவிட வேண்டும். சூட்டில் லேசாக உரசினாலே மருந்து பிடித்துக்கொள்ளும். சூடேறுவது எப்போது என்பதில்தான் தகராறு. ரூமுக்கு வெளியே சூடு பார்க்கிற கருவி ஒன்று தொங்கியது. அது சித்திரையிலும் மார்கழியிலும் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். அதை நம்பியவன் எவனும் இல்லை. எங்களுக்கு முன்னால் அந்த ரூமில் இருந்தவர்கள் காலத்திலிருந்தே வெட்டுக்கிளிதான் எங்களுக்குக் கடிகாரம்.

இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கிற வெட்டுக்கிளி காலையில் கையால் எடுத்தாலும் துள்ளாது. மெதுவாகப் புல்லில் ஏறும். வெயில் வருகிற பக்கம் விலாவைத் திருப்பி, ஒரு பின்னங்காலைத் தாழ்த்திவிட்டுச் சும்மா காயும். உடம்பு நன்றாகச் சூடேறின பிறகுதான் கத்தும். அது கத்த ஆரம்பித்துவிட்டால் நாங்கள் மருந்து டின்னை மூடி, சல்லடையைத் தண்ணீரில் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவோம். வெட்டுக்கிளி இல்லாத கோடையில் எட்டு மணிக்கே கதவைச் சாத்திவிடுவோம். அது இருக்கிற மாதங்களில் கூடுதலாக ஒரு மணி நேரம் வேலை நடக்கும்.

இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. "மூடு" என்று சொல்கிற வாய் ஒன்றுதான் இருக்கவேண்டும். ரூமில் மூத்தவன் சொல்வான், இளையவன் செய்வான். இரண்டு பேரும் சொல்ல ஆரம்பித்தால் ஒருத்தன் டின்னைத் திறக்க ஒருத்தன் மூட என்று குளறுபடியாகிவிடும். எங்கள் ரூமில் அந்த வாய் என்னுடையது.

மருந்து ரூமுக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் நான் சாம்பிள் வெடிக்கிறவனாக இருந்தேன். வெளியூர் வியாபாரிகள் வந்து நிற்பார்கள். பொட்டலில் வைத்து ஒவ்வொரு ரகமாகக் கொளுத்திக் காட்டவேண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லுவார்கள். பஞ்சு வைத்தவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் சிரித்தவர்கள் கட்சி.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதக் காலை. மாரிக்கண்ணன் சல்லடையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"கத்துதுல்ல அத்தான்?"

நான் கவனித்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. தூரத்தில் சாத்தூர் பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது. பக்கத்து ரூம்களில் பெண்கள் பேசுவது கேட்டது. முந்தின இரவு வேல்விழி திட்டியதுகூட நன்றாகத்தான் கேட்டிருந்தது. அந்தக் கிர்ர் மட்டும் என் காதைவிட்டுப் போய்விட்டிருந்தது.

"ஆமாலே, மூடு" என்றேன்.

அன்றே போர்மேன் இராமகிருஷ்ணனிடம் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் மறுநாளே லோடு ஏற்றுகிற வேலைக்கு அனுப்பிவிடுவார். மருந்து ரூம்காரன் என்றால் டீக்கடையில் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அட்டைப்பெட்டி சுமக்கிறவனுக்கு யார் நகர்வார்கள்? இந்த அற்ப வீம்புக்காக வாயை மூடிக்கொண்டேன். காது போனால் என்ன, கண் இருக்கிறதே என்று நினைத்தேன்.

அதிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு புல் பக்கம் போய் உட்கார ஆரம்பித்தேன். ஐப்பசி மழை இறங்கிப் புல் தலைகாட்டியதும் தரைக்குள்ளிருந்து குஞ்சுகள் வரும். அரிசி நீளம்கூட இருக்காது. இறக்கை இருக்காது, தலையும் காலும்தான். வளர வளரச் சட்டை பற்றாமல் போய்விடும். புல் தண்டில் தலைகீழாகத் தொங்கி, முதுகு வெடித்து, பழைய தோலைவிட்டு வெளியே வரும். வந்ததும் வெளுத்துப்போய், துவண்டு, தோல் இறுகும்வரை ஆடாமல் இருக்கும். இப்படி நாலைந்து தடவை கழற்றிய பிறகுதான் முழு இறக்கை கிடைக்கும். ஆள் கிட்டே போனால் முதலில் துள்ளாது. தண்டைச் சுற்றி மறுபக்கம் போய் ஒளிந்துகொள்ளும், தூணுக்குப் பின்னால் கடன்காரன் நிற்கிற மாதிரி. பிடித்துவிட்டால் காப்பித்தண்ணி நிறத்தில் விரலில் கக்கிவிடும். இதையெல்லாம் பார்த்தேன். முக்கியமாக அந்தத் தொடை ஆடுவதைப் பார்த்தேன். சத்தம் எனக்கு வராவிட்டால் என்ன, ஆடுகிற கால் தெரிந்தால் போதுமே.

கிழக்கு வாசலுக்கு நாலடி தள்ளி ஒரு புல் தூர் இருந்தது. புல் செதுக்க வருகிற பெண்களிடம் அதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். நான் இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் அதில் வெட்டுக்கிளி தெரியும். கால் ஆடினால் "மூடு" என்பேன். மூன்று வருஷம் இப்படிப் போனது. ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாரிக்கண்ணனிடம் எனக்கு இருந்த ஒரே எரிச்சல், அவன் வேர்வைக்காரன். எல்லா நாளும் நான் மூடச் சொல்வதற்குச் சற்று முன்னால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புளுக்கமா இருக்கு அத்தான்" என்பான். முப்பத்துமூன்று வயதில் என்ன புழுக்கம் என்று கேலி செய்வேன். அப்படியே புல் தூரையும் ஒரு பார்வை பார்ப்பேன். கால் ஆடுகிற மாதிரி இருக்கும். மூடச் சொல்லிவிடுவேன்.

போன வருஷம் மாசி மாதம். ஒரு புதன்கிழமை காலையில் போர்மேன் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் அதிகாரிகள் வருகிறார்கள், ஒரு புல் இருக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மாரிக்கண்ணன் துண்டை எடுத்தான்.

"புளுக்கமா இருக்கு அத்தான். மூடிருவோமா?"

போர்மேன் என்னைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது.

"ஏலே, இந்த ரூமுக்கு நீ பெரியாளா, நான் பெரியாளா? நான் சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்காத" என்றேன்.

போர்மேன் சிரித்தார். மாரிக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு நிமிஷம் வீம்புக்குத் தாமதித்து, பிறகு மூடச் சொன்னேன். அன்று மத்தியானம் வேலி வரைக்கும் புல்லைச் செதுக்கித் தள்ளினார்கள். என் தூரும் போனது.

மறுநாள் காலையில் தரை மொட்டையாகக் கிடந்தது. வெட்டுக்கிளிகள் வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்தன. எதைப் பார்த்து மூடச் சொல்வது என்று நாலு வாசலிலும் தேடினேன். அப்போதுதான் கிழக்கு வாசலை ஒட்டி, இறுகின செம்மண் தரையில், பெரிய வெட்டுக்கிளி ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நீளம் இருந்தது. வால் பக்கத்தை வளைத்துத் தரைக்குள் இறக்கியிருந்தது. இவ்வளவு பெரியது, இவ்வளவு கிட்டத்தில், தப்பே வராது என்று நிம்மதியானேன்.

அதன் கால் ஆடவில்லை. எட்டு மணி ஆனது, ஆடவில்லை. எட்டரை ஆனது, ஆடவில்லை. இன்றைக்குக் குளிர்ச்சி நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாரிக்கண்ணன் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வேலையைப் பார் என்று கண்ணைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை பார்த்தான். மூன்றாவது தடவை அவன் நிமிர்ந்தபோது, எதற்கும் பூச்சியைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம் என்று எழுந்து வாசலுக்குப் போய்க் குனிந்தேன்.

பின்னால் குபீரென்று வெளிச்சம் அடித்தது. டின்னில் மருந்து அடியில்தான் இருந்தது, அதனால்தான் ரூம் நின்றது. எனக்கு முதுகில் மட்டும் சுட்டது. மாரிக்கண்ணனுக்கு இரண்டு கையும் முழங்கை வரைக்கும், கழுத்தும் வெந்துபோனது. அவன் அலறியது எனக்கு நன்றாகக் கேட்டது.

மதுரை ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள் கிடந்தான். இடது கை ஓரளவு தேறியது. வலது கை விரல்கள் உள்ளே மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

மூன்றாம் நாளே போர்மேன் என்னை விசாரித்தார்.

"என்னப்பா நடந்துச்சு?"

"தெரியல அண்ணாச்சி. நான் வாசல்ல நின்னேன்."

"அவன் அவசரத்துல அளுத்தித் தேச்சிருப்பான்."

இல்லை என்று நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. கலக்கியவரின் அஜாக்கிரதை என்று எழுதிக்கொண்டார்கள். மாரிக்கண்ணனிடமும் ஆஸ்பத்திரியில் வந்து கேட்டார்கள். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. என் காது விஷயம் அவனுக்குத் தெரியாது என்று நினைத்து உள்ளூர ஆறுதல் பட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

வேல்விழி அழுதுகொண்டே, "எந்தம்பிக்குச் சின்னப் பிள்ளையிலருந்தே அவசரம். நீங்க எம்புட்டுச் சொல்லியிருப்பீக" என்பாள். அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுப் பேசாமல் எழுந்துபோவேன். முதுகு வலி என்று சொல்லி மருந்து வேலையை விட்டேன். எந்த லோடு வேலைக்குப் பயந்து காதை மறைத்தேனோ, அதே வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாரிக்கண்ணன் திருத்தங்கலுக்கு வீடு மாற்றிப் போனான். அங்கே ஒரு அச்சகத்தில் இடது கையால் காலண்டர் அடுக்குகிறான்.

இந்த மார்கழியில் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில், மருந்து தெரிந்த ஆள் மேற்பார்வைக்கு வேண்டுமென்று அவனைக் கூப்பிட்டார்கள். கை வேண்டாம், கண் போதும் என்கிற வேலை. எடுப்பதற்கு முன் எங்கள் போர்மேனுக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார்கள். அஜாக்கிரதையான ஆள் என்று இவர் சொல்லிவிட்டார். அந்த வேலை போனது. அதைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

கரி பிடித்த பழைய மருந்து ரூமைப் பூட்டிப் போட்டுவிட்டார்கள். மத்தியானத்தில் நான் அங்கேதான் போய் உட்காருவேன். இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு கிழக்கு வாசல் ஓரத்தில், அந்தப் பெரிய வெட்டுக்கிளி வாலை இறக்கியிருந்த அதே இடத்தில், குஞ்சுகள் வந்தன. அன்று அது முட்டை வைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. புல் இல்லாத இறுகின தரையைத் தேடி வந்திருக்கிறது. நாங்கள் செதுக்கி வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

தை பிறந்ததும் அவை பெரிதாகிவிட்டன. ஒரு நாள் புல் தண்டில் பெரிய வெட்டுக்கிளி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் பாதி உடம்புகூட இல்லாத சின்னது ஒன்று. சின்னதின் தொடை மேலும் கீழும் துடித்தது. பெரியது சும்மா இருந்தது. சின்னது இன்னும் கிட்டே போய்த் தொடையை ஆட்டியது. பெரியது ஒரு வாய் புல் கடித்தது. பிறகு சின்னது அதன் முதுகில் ஏறிக்கொண்டது.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மற்றதையெல்லாம் தேடிப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன், அதற்கடுத்த நாளும் பார்த்தேன். கத்துகிறதெல்லாம் சின்னது. பெரிய வெட்டுக்கிளி ஒன்றுகூடக் காலை ஆட்டவில்லை. பெரியது பெட்டை. பெட்டை கத்தாது. வெயில் உச்சிக்கு ஏறித் தரை கொதித்தாலும் அது கத்தாது. கத்தாததைப் பார்த்துக்கொண்டு நான் நேரம் குறித்திருக்கிறேன். மூன்று வருஷம் பார்த்துப் பார்த்து வெட்டுக்கிளியின் தோல் உரிப்பு வரைக்கும் படித்தவனுக்கு இது தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை, கால் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் போய், சிவகாசி பஸ் ஏறி, திருத்தங்கலில் இறங்கினேன். மாரிக்கண்ணனின் சம்சாரம் ரோஜா டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள்.

"மதினி வரலையாண்ணே? சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், "கொஞ்சம் வெளிய வா மாப்ளே" என்று அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். காலி மனை. புல்லும், அச்சகத்திலிருந்து பறந்துவந்த வெட்டுக் காகிதமுமாகக் கிடந்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஒரு கல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

"எனக்குக் காது கேக்காது மாப்ளே. எல்லாம் கேக்கும், வெட்டுக்கிளி கேக்காது. நாலு வருசமாச்சு."

"தெரியும் அத்தான்" என்றான்.

நான் அவனைப் பார்த்தேன்.

"மொத நாளே தெரியும். கத்துதான்னு கேட்டேன், நீங்க கூரையப் பாத்தீக. வெட்டுக்கிளி கூரையிலயா இருக்கும்?"

"ஏன்லே சொல்லல?"

"உங்ககிட்டப் போயி எப்பிடி அத்தான் அதச் சொல்ல? வேலை வாங்கிக் குடுத்தவுக நீங்க. அது கத்த ஆரம்பிச்சதும் புளுக்கமா இருக்குன்னு சொல்லிருவேன். நீங்க அந்தப் புல்லப் பாத்துட்டு மூடச் சொல்லுவீக. சரியாப் போயிட்டுத்தான இருந்துச்சு."

மூன்று வருஷம் என் கண்ணை நம்பி நடந்ததாக நான் நினைத்த வேலை, அவன் துண்டை நம்பி நடந்திருக்கிறது. பெட்டை வெட்டுக்கிளியைப் பற்றி அவனிடம் சொன்னேன். வாசலில் அன்றைக்கு எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன். போர்மேனிடம் பேசாமல் இருந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்குக் கத்துச்சாலே?" என்று கேட்டேன்.

"வேலிக்கு அங்கிட்டுருந்து நல்லாக் கத்துச்சு அத்தான். எட்டு மணிக்கே ஆரம்பிச்சிருச்சு."

"அப்ப ஏன்..."

"வாயத் தொறக்காதன்னு சொன்னீகல்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டால் நேரம் சொல்கிற மாதிரி சொன்னான். "மூணு தடவ உங்களப் பாத்தேன்."

நான் அழுதேன். ஐம்பத்திரண்டு வயதில் காலி மனையில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவன் தேற்றவில்லை. தேற்றாமல் இருந்ததுதான் சரி.

"இன்னைக்கே உங்க அக்காகிட்டச் சொல்லிர்றேன். நாளைக்கு ஆபீஸ்ல போர்மேன்கிட்ட எளுதியே குடுத்துர்றேன். சாத்தூர்க்காரகளையும் நானே போயிப் பாக்குறேன்" என்றேன்.

உண்மையைச் சொன்னால், விடுங்க அத்தான், போனது போகட்டும் என்று அவன் சொல்வான் என உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் எதிர்பார்த்தேன். அத்தனை வருஷம் என் மானத்தைக் காப்பாற்றியவன் அல்லவா.

"சொல்லுங்க அத்தான்" என்றான் மாரிக்கண்ணன்.

எதிரே புல் நுனியில் சின்னதாக ஒரு வெட்டுக்கிளி இருந்தது. அந்த வெயிலில் என் கண்ணீரோடு அதன் கால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"கத்துதா மாப்ளே?" என்று கேட்டேன்.

அவன் மடங்கின வலது கையால் துண்டைத் தோளிலிருந்து எடுக்கப் பார்த்தான். அது நழுவியது. இடது கையால் பிடித்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"புளுக்கமா இருக்கு அத்தான்" என்றான்.